கேளுங்கள், கணக்கும் கேளுங்கள்

செப்டம்பர் 21 உலக அல்சைமர் நாள். அதையொட்டி, அல்சைமர் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டுவது பற்றியும் குரல் கொடுப்பது பற்றியும் வாசகர்கள் கேள்விகள் அனுப்பியிருந்தார்கள். பதில் சொல்பவர், கணக்குத் தணிக்கையாளராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அண்ணனை அல்சைமருக்குப் பறிகொடுத்தவர். பராமரிப்பாளர் குழு ஒன்றின் பொருளாளர்.

? அம்மாவுக்கு அல்சைமர் வந்து சில வருடங்கள் ஆகின்றன. அலுவலகத் தோழிகள் சேர்ந்து ஒரு நடைப்பயணம் வைத்து ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டலாம் என்கிறார்கள். "அம்மாவுக்கு உபயோகப்படாத ஆராய்ச்சிக்கு நீ ஏன் அலைகிறாய்? அந்த நேரத்தில் அவள் பக்கத்தில் உட்காரு" என்கிறார் அண்ணன். யார் சொல்வது சரி, அக்கா? – ஒரு மகள்

உங்கள் அண்ணன் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. இன்று நீங்கள் திரட்டும் பணம் ஓர் ஆய்வுக்கூடத்துக்குப் போய், அங்கே ஒரு யோசனை தேறி, விலங்குகளிடம் சோதித்து, மனிதர்களிடம் மூன்று கட்டமாகச் சோதித்து, அப்புறம் மருந்தாக வெளிவரப் பத்துப் பதினைந்து வருடம் பிடிக்கலாம். பெரும்பாலான யோசனைகள் பாதி வழியிலேயே விழுந்துவிடும். அதனால் "என் அம்மா குணமாக உதவுங்கள்" என்று மட்டும் கேட்காதீர்கள். அப்படிக் கேட்டவர்கள் இரண்டாம் வருடம் யார் முகத்திலும் விழிக்க முடியாமல் ஒதுங்கிப்போனதைப் பார்த்திருக்கிறேன்.

மீதிப் பாதியை அண்ணனுக்கு நீங்கள் சொல்லுங்கள். உங்கள் அம்மாவுக்கு வந்தது ஒரு நோய் என்று இன்று மருத்துவர் சொல்கிறாரே, அதுவே முன்னால் யாரோ அலைந்ததால் கிடைத்தது. 1906-இல் ஜெர்மானிய மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர், ஆகஸ்டே டீட்டர் என்ற பெண்ணின் மூளையில் தான் கண்டதை மருத்துவர்கள் கூட்டம் ஒன்றில் விவரித்தார். யாரும் ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை. அதற்கப்புறம் ஏறக்குறைய எழுபது வருடம், இது அறுபத்தைந்துக்கு முன்னால் அபூர்வமாக வரும் ஒரு நோய் என்றே வைத்திருந்தார்கள். அந்த வயதைத் தாண்டியவருக்கு வந்தால் "வயசானா அப்படித்தான்". 1976-இல் ராபர்ட் காட்ஸ்மேன் என்ற அமெரிக்க நரம்பியல் மருத்துவர், இரண்டும் ஒன்றுதான், இது பெரிய உயிர்க்கொல்லி என்று ஒரு மருத்துவ இதழில் தலையங்கம் எழுதிய பிறகுதான் பார்வை மாறத் தொடங்கியது.

அப்புறம் குடும்பங்கள் கிளம்பின. அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த குழுக்கள் சேர்ந்து 1980-இல் அமெரிக்காவில் ஒரே சங்கமாயின. இன்றைய அல்சைமர்ஸ் அசோசியேஷன் அதுதான். அதே வருடம், அங்கே பல நாளிதழ்களில் வந்துகொண்டிருந்த 'டியர் ஆபி' என்ற கேள்வி-பதில் பகுதிக்கு, வீட்டில் இந்த நோயாளியை வைத்துக்கொண்டு தவித்த ஒருவர் கடிதம் எழுதினார். பதிலில் அந்தப் புதிய சங்கத்தைப் பற்றிச் சொன்னார்கள். இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் சங்கத்துக்கு வந்து குவிந்தன. தங்கள் வீட்டில் மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேர். இப்படி ஒரு கேள்வி-பதில் பகுதியில் உட்கார்ந்து பதில் எழுதும் எனக்கு இதைச் சொல்வதில் கொஞ்சம் பெருமைதான், மன்னிக்கவும்.

ஆகவே நடங்கள். ஆனால் அன்றைக்கு அம்மாவுடன் யார் இருப்பது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், பேனர் அடிப்பது அப்புறம். அண்ணனே இருக்கட்டுமே. அம்மா பக்கத்தில் உட்காருவது எவ்வளவு முக்கியம் என்று அவருக்குத்தான் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

? யாரிடமும் கை நீட்டிப் பழக்கமில்லை. கூச்சத்தை விட்டு வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போட்டேன். எல்லோரும் கைகூப்பும் படம் போட்டார்கள். பணம் ஒருவரும் போடவில்லை. – நொந்துபோன ஒருவர்

நீங்கள் அனுப்பிய செய்தியையும் கடிதத்தோடு இணைத்திருந்தீர்கள். "மறதி என்னும் அரக்கனை ஒழிக்கக் கைகோப்போம், அள்ளி வழங்குவீர்" என்று இருந்தது. கைகூப்பச் சொன்னால் கைகூப்பத்தான் செய்வார்கள், ஐயா.

குழுவில் கேட்டால் எல்லோரிடமும் கேட்ட மாதிரி இருக்கும், உண்மையில் யாரிடமும் கேட்டிருக்க மாட்டீர்கள். ஒவ்வொருவரையும் தனியாக, பெயர் சொல்லிக் கேளுங்கள். எதற்கு, எவ்வளவு, எப்போதுக்குள் என்ற மூன்றும் இருக்கட்டும். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: "அப்பாவுக்கு அல்சைமர் என்பது உங்களுக்குத் தெரியும். இந்த நோயை ரத்தப் பரிசோதனையில் சீக்கிரமே கண்டுபிடிக்கும் ஆராய்ச்சிக்காக இந்த மாதக் கடைசிக்குள் ஒரு தொகை சேர்க்கிறேன். நான் இவ்வளவு போட்டிருக்கிறேன். நீங்கள் அதில் பாதி போட முடியுமா? முடியாவிட்டாலும் ஒன்றுமில்லை, ஒரு நாள் வந்து அப்பாவைப் பார்த்துவிட்டுப் போங்கள்."

நீங்கள் போட்ட தொகையைச் சொல்வது பீற்றிக்கொள்வதாகாது. கேட்பவரே கொடுத்திருக்கிறார் என்று தெரிந்தால்தான் எதிரே இருப்பவருக்கு நம்பிக்கை வரும்.

பணம் வந்த வாரமே ரசீதும் நன்றியும் போகட்டும். பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து, பணம் எதுவும் கேட்காமல், அந்த ஆராய்ச்சி எங்கே நிற்கிறது என்று நாலு வரி எழுதுங்கள். அடுத்த வருடம் உங்களுக்குக் கூச்சமே இருக்காது.

? மருந்துக் கம்பெனிகளிடம் கோடி கோடியாகப் பணம் இருக்கிறது. மருந்து வந்தால் லாபமும் அவர்களுக்குத்தான். நாம் ஏன் உண்டியல் குலுக்க வேண்டும்? – ஒரு வியாபாரி

வியாபாரி என்பதால் உங்களுக்கு வியாபாரக் கணக்கிலேயே சொல்கிறேன். 2002 முதல் 2012 வரை அல்சைமருக்காக 244 மருந்துப் பொருள்களை 413 சோதனைகளில் சோதித்தார்கள். அந்தக் காலத்தில் அனுமதி பெற்று விற்பனைக்கு வந்தது ஒன்றே ஒன்று. இந்த மாதிரிச் சரக்கில் நீங்கள் முதல் போடுவீர்களா? பெரிய கம்பெனிகளே கையை உதறிக்கொண்டு எழுந்தன. ஃபைசர் நிறுவனம் 2018 ஜனவரியில், நரம்பியல் துறையில் புது மருந்து தேடும் பணியையே நிறுத்துவதாக அறிவித்தது.

கம்பெனிகள் ஒரு யோசனை ஓரளவு தேறிய பிறகுதான் வரும். அது தேறும்வரை யார் சோறு போடுவது? இளம் ஆய்வாளர் ஒருவர் "இப்படி இருக்குமோ" என்று ஒரு சந்தேகத்தோடு வந்தால், அரசு நிதியம் "முதற்கட்ட முடிவுகள் எங்கே?" என்று கேட்கும். முடிவு வேண்டுமென்றால் சோதனை செய்ய வேண்டும், சோதனைக்குப் பணம் வேண்டும். அந்த இடுக்கில்தான் நன்கொடைப் பணம் நுழைகிறது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் வில்லியம் க்ளங்க், செஸ்டர் மாத்திஸ் என்ற இருவர், உயிரோடு இருப்பவரின் மூளையில் அமிலாய்டு என்ற புரதம் படிந்திருப்பதை ஸ்கேனில் காட்டும் ஒரு பொருளை உருவாக்கினார்கள். மனிதர்களிடம் அதைப் பயன்படுத்திய முதல் ஆய்வு 2004-இல் வெளியானது. அதுவரை பிரேதப் பரிசோதனையில்தான் அமிலாய்டை உறுதியாகப் பார்க்க முடியும். அமிலாய்டைக் குறிவைக்கும் மருந்துகளின் சோதனைகளில் இந்த வகை ஸ்கேனுக்குப் பெரிய பங்கு உண்டு. அவர்களுடைய ஆரம்ப கால வேலைக்கு உதவியதில் நான் மேலே சொன்ன குடும்பங்களின் சங்கமும் உண்டு.

இன்னொன்று, காப்புரிமை வாங்க முடியாத விஷயங்கள். நடைப்பயிற்சி, உணவு, ரத்த அழுத்தக் கட்டுப்பாடு, மூளைக்கு வேலை, நாலு பேரோடு பழகுவது ஆகியவை சேர்ந்தால் சிந்தனைத் திறன் குறைவதைத் தள்ளிப்போட முடியுமா என்று பார்க்க எந்தக் கம்பெனி செலவழிக்கும்? நடையை மாத்திரையாக்கி விற்க முடியாதே. பின்லாந்தில் சுமார் 1,260 பேரை வைத்து இரண்டு வருடம் இதைச் சோதித்து, பலன் இருக்கிறது என்று 2015-இல் சொன்னார்கள். அமெரிக்காவில் 2,111 பேரை வைத்து நடந்த இதே மாதிரி ஆய்வின் முடிவு 2025-இல் வந்தது. தாங்களாகவே செய்துகொண்டவர்களைவிட, கட்டமைத்த திட்டத்தில் இருந்தவர்களுக்குக் கூடுதல் பலன். அதற்குப் பெரும் பங்கு பணம் போட்டதும் நன்கொடையில் ஓடும் அதே அல்சைமர்ஸ் அசோசியேஷன்தான்.

உண்டியலைக் கீழே வைத்துவிடாதீர்கள்.

? அல்சைமருக்கு மருந்து வந்துவிட்டது என்று செய்தி வருகிறதே, அப்புறம் எதற்கு ஆராய்ச்சிக்கு நன்கொடை? – பட்டதாரி இளைஞர்

வந்திருக்கிறது தம்பி, ஆனால் நீங்கள் நினைக்கும் மருந்து அல்ல. லெகானெமாப் என்ற மருந்துக்கு 2023 ஜூலையில் அமெரிக்காவில் முழு அனுமதி கிடைத்தது. டொனானெமாபுக்கு 2024 ஜூலையில். இரண்டும் நோயின் ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்கு மட்டும். இரண்டும் ரத்தநாளம் வழியே ஏற்றும் மருந்தாக வந்தவை.

லெகானெமாப் சோதனையில் சுமார் 1,800 பேர். பதினெட்டு மாதம் கழித்துப் பார்த்தால், மருந்து எடுத்தவர்களுக்கு நோய் முற்றும் வேகம் 27 சதவீதம் குறைவு. இந்த 27-ஐத்தான் எல்லோரும் தலைப்பாகப் போட்டார்கள். எண்ணைப் பார்த்தால் அது எதில் எடுத்த எண் என்று பார்ப்பது தணிக்கையாளரின் வியாதி. 18 புள்ளிகள் கொண்ட ஓர் அளவுகோலில் இரு தரப்புக்கும் இடையே வித்தியாசம் 0.45 புள்ளி. மருந்து எடுத்தவர்களும் மோசமானார்கள், கொஞ்சம் மெதுவாக. எட்டில் ஒருவர் அளவுக்கு மூளையில் வீக்கம் ஸ்கேனில் தெரிந்தது. பெரும்பாலோருக்கு அதனால் வெளியே தெரியும் தொந்தரவு இல்லை என்றாலும், சிலருக்கு ஆபத்தானது.

அதே சமயம் நான் இதை அற்பம் என்று சொல்ல மாட்டேன். நோயின் போக்கை மனிதன் முதன்முதலாகத் தொட்டுப் பார்த்திருக்கிறான். ஒரு கதவு இடுக்கு விட்டிருக்கிறது, தள்ளுவதற்கு ஆள் வேண்டும். நீங்கள் பணம் கேட்கும்போது இரண்டையும் சொல்லுங்கள்: பலன் உண்டு, சிறிது. "மருந்தே இல்லை" என்று சொல்லிப் பயமுறுத்திக் கேட்பதும், "இதோ குணமாகப் போகிறது" என்று ஆசை காட்டிக் கேட்பதும் ஒன்றுக்கொன்று சளைத்த பொய்கள் அல்ல.

? அல்சைமர் ஆராய்ச்சியிலேயே மோசடி என்று படித்தேன். படத்தை மாற்றி ஒட்டிவிட்டார்களாமே. கொடுத்த பணமெல்லாம் போச்சா? – ஏமாந்தது போல் உணரும் வாசகி

2006-இல் 'நேச்சர்' இதழில் வந்த கட்டுரை ஒன்றைச் சொல்கிறீர்கள். அமிலாய்டின் ஒரு குறிப்பிட்ட வடிவம் எலிகளின் நினைவைக் கெடுக்கிறது என்றது அது. படங்களில் கைவைத்திருப்பதாக 2022-இல் மாத்யூ ஷ்ராக் என்ற நரம்பியல் ஆய்வாளரின் சந்தேகங்கள் வெளிவந்தன. 2024 ஜூனில் கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். பதினெட்டு வருடம்! அதை நம்பி அந்தத் திசையில் ஆராய்ந்தவர்களின் காலமும் பணமும் போனது போனதுதான், மழுப்ப மாட்டேன்.

ஆனால் அமிலாய்டு பற்றிய ஆராய்ச்சி முழுவதும் அந்த ஒரு கட்டுரைமேல் நிற்கவில்லை. மேலே சொன்ன மருந்துகள் அந்த வடிவத்தைக் குறிவைத்தவையும் அல்ல. கல்லாவில் ஒருவன் கைவைத்தான் என்றால் கடையை மூட மாட்டோம், கணக்கை இறுக்குவோம். நீங்கள் கொடுக்கும் அமைப்புக்கு ஒரு கடிதம் போடுங்கள்: ஒருவர் கண்டதை இன்னொருவர் மறுபடி செய்து சரிபார்க்கும் ஆய்வுக்கு நீங்கள் பணம் தருகிறீர்களா? மூலத் தரவுகளை எல்லோருக்கும் திறந்து வைக்கச் சொல்கிறீர்களா? நன்கொடையாளர் கேட்கிறார் என்று தெரிந்தால் விதிகள் மாறும்.

? எந்த அமைப்பை நம்பிக் கொடுப்பது? எல்லோருடைய ஆண்டறிக்கையும் பளபளவென்று இருக்கிறது. – ஓய்வூதியர்

இந்தக் கேள்விக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தேன்.

ஆண்டறிக்கையைப் பின்னாலிருந்து படியுங்கள். முன்பக்கம் புன்னகை, பின்பக்கம் கணக்கு. தணிக்கை அறிக்கைக்குப் பின்னால் பொடி எழுத்தில் 'கணக்குகளுக்கான குறிப்புகள்' என்று சில பக்கம் இருக்கும். நான் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு முதலில் அங்கேதான் போவேன்.

பார்க்க வேண்டிய முதல் விஷயம், ஆராய்ச்சி நிதி தனியாக நிற்கிறதா என்பது. 'ஆராய்ச்சி மற்றும் விழிப்புணர்வு' என்று ஒரே வரியில் சேர்த்துப் போட்டிருந்தால் என் புருவம் உயரும். விழிப்புணர்வு என்ற தலைப்பில் துண்டுப் பிரசுரம், விளம்பரம், விழா எல்லாவற்றையும் அடக்கிவிடலாம். நீங்கள் ஆராய்ச்சிக்கென்று குறித்துக் கொடுத்த பணத்துக்கு ஆரம்ப இருப்பு, வரவு, செலவு, இறுதி இருப்பு என்று தனிக் கணக்கு இருக்க வேண்டும். இருப்பு வருடா வருடம் பெருத்துக்கொண்டே போகிறது, ஆய்வுக்குப் போவதில்லை என்றால் ஏன் என்று கேளுங்கள்.

அடுத்து, யாருக்குக் கொடுத்தார்கள் என்ற பட்டியல். ஆய்வாளர் பெயர், நிறுவனம், தலைப்பு, தொகை, எத்தனை வருடத்துக்கு. உண்மையாக ஆராய்ச்சிக்குக் கொடுப்பவர்கள் இதை ஒளிக்க மாட்டார்கள், தம்பட்டம் அடிப்பார்கள். யாருக்குத் தருவது என்பதை அந்தத் துறையின் வெளி நிபுணர்கள் குழு படித்துத் தேர்ந்தெடுக்கிறதா, தலைவர் தன் இஷ்டப்படி முடிவு செய்கிறாரா என்றும் விசாரியுங்கள்.

விழா நடத்தினால் வசூல் எவ்வளவு என்று பெரிய எழுத்தில் போடுவார்கள். செலவு போக மிச்சம் எவ்வளவு? அந்த வரியைத் தேடுங்கள். சில விருந்துகளில் பூ அலங்காரத்துக்குப் போனது ஆய்வகத்துக்குப் போனதைவிட அதிகமாக இருக்கும்.

ஆனால் ஒன்று. 'நிர்வாகச் செலவு பூஜ்யம்' என்று மார்தட்டுபவரிடம் மயங்காதீர்கள். கணக்கு எழுதவும் ரசீது போடவும் விண்ணப்பங்களை நிபுணர்களுக்கு அனுப்பவும் ஆள் வேண்டும், அந்த ஆளுக்குச் சம்பளம் வேண்டும். பூஜ்யம் என்றால் ஒன்று அதை வேறு தலைப்பில் ஒளித்திருக்கிறார்கள், அல்லது அந்த வேலை நடக்கவேயில்லை.

கடைசியாக, பல நல்ல அமைப்புகள் பராமரிப்பு உதவி மட்டும்தான் செய்கின்றன. பகல் நேரக் காப்பகம், உதவி எண், பராமரிப்பாளர் பயிற்சி. அருமையான வேலை, அதற்கும் கொடுங்கள். ஆராய்ச்சிக்கென்று நினைத்துக்கொண்டு அங்கே கொடுத்துவிட்டு அப்புறம் அவர்களைத் திட்டாதீர்கள்.

? நிதி திரட்டும் சுவரொட்டியில் அப்பாவின் படத்தைப் போடக் கேட்கிறார்கள். முன்பு அவர் எவ்வளவு மிடுக்காக இருந்தார், இப்போது எப்படி ஆகிவிட்டார் என்று இரண்டு படமும் சேர்த்து. போடலாமா? – மகன்

என் அண்ணனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். நோய் நன்றாக முற்றியிருந்த காலத்தில் என்னோடு உட்கார்ந்து ரசீதுப் புத்தகங்களைக் கிழித்துக் கொடுப்பார். துளைக்கோட்டில் நகத்தால் ஒரு தரம் அழுத்தி, மடித்து, அடிக்கட்டை கிழியாமல் எடுப்பார். வாழ்நாள் முழுக்க இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை போட்டவர். ஒரு கூட்டத்தில் அவர் பொத்தான் மாற்றிப் போட்ட சட்டையோடு, எச்சில் வழிய, எங்கோ பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் யாரோ படமெடுத்தார்கள். அடுத்த மாதம் ஓர் அமைப்பின் நோட்டீஸில் அது இருந்தது. கீழே "இவரைப் போல் நீங்களும் ஆகாதிருக்க" என்று எழுதியிருந்தார்கள். அண்ணியின் சம்மதமும் இல்லை, என் சம்மதமும் இல்லை. அவர்களிடம் போய்ச் சண்டை போட்டுத்தான் எடுக்க வைத்தேன். "மேடம், இந்தப் படத்துக்குத்தான் நல்ல வசூல்" என்றார் அங்கிருந்தவர். வசூல் ஆகியிருக்கும், சந்தேகமில்லை. பயந்தவன் ஒரு தடவை பணம் தருவான். அப்புறம் தன் வீட்டுக்கே இந்த நோய் வரும்போது கதவைச் சாத்திக்கொள்வான், பரிசோதனைக்கே போக மாட்டான். சீக்கிரம் கண்டுபிடித்தால்தான் இன்றைய மருந்தும் உதவும், ஆய்வில் சேரவும் முடியும் என்கிறபோது இது நமக்கு நாமே வெட்டும் குழி.

ஆகவே: அப்பாவுக்குப் புரியும் நிலை இருந்தால் படத்தைக் காட்டி அவரிடமே கேளுங்கள். முகம் சுளித்தால் விட்டுவிடுங்கள். புரியாத நிலை என்றால், முன்பு மிடுக்காக இருந்த அந்த மனிதர் எந்தப் படத்துக்குச் சரி என்றிருப்பார் என்று யோசியுங்கள். இரண்டு படம் போட வேண்டாம். அவர் இன்று எதையாவது செய்துகொண்டிருக்கும் படம் ஒன்று போதும். எத்தனை நாளுக்கு, எங்கெல்லாம் போடலாம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

? அல்சைமர் நிகழ்ச்சிகளில் எல்லோரும் ஊதா நிறம் அணிவது ஏன்? – பள்ளி மாணவி

இந்த இயக்கத்துக்கு அடையாள நிறமாக ஊதா நிலைத்துவிட்டது. அமெரிக்க நடைப்பயணங்களில் அதைப் பூக்களாகப் பிரித்திருக்கிறார்கள்: ஊதா, நோய்க்கு ஒருவரை இழந்தவருக்கு. மஞ்சள், பராமரிப்பவருக்கு. நீலம், நோயோடு வாழ்பவருக்கு. ஆரஞ்சு, ஆதரவாளருக்கு. குணமான முதல் ஆளுக்கென்று ஒரு வெள்ளைப் பூவையும் சொல்கிறார்கள்.

? மக்கள் பிரதிநிதியைப் பார்த்து மனு கொடுக்கலாம் என்றிருக்கிறோம். இதெல்லாம் பயன்படுமா? – பராமரிப்பாளர் குழு ஒன்று

நன்கொடையாக நூறு நடைப்பயணத்தில் திரட்டுவதை ஒரு பட்ஜெட் வரி தூக்கிச் சாப்பிட்டுவிடும். அமெரிக்காவில் 1974-இல் முதுமைக்கான தேசிய ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கியபோது, அதன் முதல் இயக்குநர் ராபர்ட் பட்லர் ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டார்: 'முதுமை' என்றால் அரசியல்வாதிக்குக் கைவராது, ஒரு நோயின் பெயர் சொன்னால் வரும். அல்சைமரை முன்னால் நிறுத்தினார், குடும்பக் குழுக்களை ஒன்றாக உட்காரவும் வைத்தார். 2011 ஜனவரியில் அங்கே அல்சைமருக்கென்று ஒரு தேசியத் திட்டச் சட்டம் வந்தது. அப்போது வருடத்துக்கு 50 கோடி டாலருக்கும் குறைவாக இருந்த அரசு ஆராய்ச்சி நிதி, பின்னர் 300 கோடி டாலரைத் தாண்டியது. எவ்வளவு பணம் தேவை என்பதை விஞ்ஞானிகளே கணக்கிட்டு நாடாளுமன்றத்துக்கு நேரடியாக எழுதும் முறையையும் தனியாகச் சட்டம் போட்டு வாங்கினார்கள். எனக்கு இந்த ஏற்பாடுதான் எல்லாவற்றையும்விடப் பிடித்தது.

அந்தத் தேசியத் திட்டத்துக்கு 2025-க்குள் நோயைத் தடுக்கவும் நன்றாகச் சிகிச்சையளிக்கவும் வழி காண்பது என்று இலக்கு வைத்தார்கள். 2025 வந்தது, தடுக்கும் மருந்து வரவில்லை. கெடு வைத்தால் பணம் சீக்கிரம் கிடைக்கும், கெடு தாண்டினால் கேள்வி வரும். இரண்டுக்கும் தயாராக இருங்கள்.

மனு ஒரே பக்கம், கோரிக்கை ஒன்றே ஒன்று. உலக சுகாதார அமைப்பு 2017-இல் டிமென்ஷியாவுக்கான (அல்சைமர் உள்ளிட்ட மறதி நோய்களுக்கான) உலகளாவிய செயல்திட்டம் ஒன்றை ஏற்றது, இப்போது 2031 வரை நீட்டித்திருக்கிறார்கள். ஒவ்வொரு நாடும் தனக்கென்று திட்டம் வகுக்க வேண்டும், ஆராய்ச்சியைப் பெருக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. "நம் அரசு ஒப்புக்கொண்டது எந்த அளவில் நிற்கிறது?" என்று கேளுங்கள். போகும்போது பராமரிப்பாளர் ஒருவர் அவசியம் கூட இருக்கட்டும். ஐந்து நிமிடம்தான் கிடைக்கும். அதில் மூன்று நிமிடம் அவர் பேசட்டும், ஒரு நிமிடம் கோரிக்கை, ஒரு நிமிடம் மௌனமாக இருந்து பதிலுக்குக் காத்திருங்கள். படமெடுத்துக்கொள்ளக் கடைசியில் எப்படியும் நேரம் ஒதுக்குவார்கள்.

? எனக்கு எழுபது தாண்டிவிட்டது. கையில் காசில்லை. ஞாபகம் நன்றாகவே இருக்கிறது. என்னால் என்ன செய்ய முடியும்? – ஒரு பாட்டி

ஞாபகம் நன்றாக இருக்கிறது என்பதே பெரிய நன்கொடை, அம்மா. நோயுள்ளவரை ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர் வேண்டும். ஆய்வுகளுக்கு ஆள் சேர்வது பணம் சேர்வதைவிடக் கஷ்டம்.

அமெரிக்காவில் 1986-இல் டேவிட் ஸ்னோடன் கன்னியாஸ்திரிகளை வைத்து ஓர் ஆய்வைத் தொடங்கினார். 75 வயது தாண்டிய 678 பேர் சேர்ந்தார்கள். வருடா வருடம் பரிசோதனைக்கு உட்கார்ந்ததோடு, இறந்தபின் மூளையை எடுத்துக்கொள்ளவும் சம்மதித்தார்கள். இளம் வயதில் மடத்தில் சேர்ந்தபோது அவர்கள் எழுதிய தன்வரலாறுகள் பெட்டகத்தில் பத்திரமாக இருந்தன. இருபது வயதில் கருத்துச் செறிவாக எழுதியவர்களுக்கு முதுமையில் நோய் குறைவாக இருந்தது. சிலருடைய மூளையில் நோயின் தடயங்கள் நிறைய இருந்தும், உயிரோடு இருந்தவரை தெளிவாகவே இருந்தார்கள். அது எப்படி என்று இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களும் காசு கொடுக்கவில்லை.

மூளை தானம் என்றால் உயிலில் எழுதினால் மட்டும் போதாது. மூளை வங்கியில் முன்கூட்டியே பதிய வேண்டும். பெரும்பாலும் ஒரு நாளுக்குள் எடுத்தாக வேண்டும் என்பதால், துக்க வீட்டில் தொலைபேசியை எடுக்கப்போகிறவர் யாரோ, அவரிடம் இன்றே சொல்லி வையுங்கள்.

? போன மாதம் எனக்கே ஆரம்ப நிலை அல்சைமர் என்று சொன்னார்கள். எனக்காக மற்றவர்கள் பேசுவதைக் கேட்கச் சலிப்பாக இருக்கிறது. நானே மேடையேறலாமா? – பெயர் வேண்டாம்

தாராளமாக. ஆங்கில எழுத்தாளர் டெர்ரி பிராட்செட் 2007 கடைசியில் தனக்கு இந்த நோய் என்று தானே அறிவித்தார். அடுத்த வருடம் ஆராய்ச்சிக்குப் பத்து லட்சம் டாலர் கொடுத்து, இந்த நோயின் ஆராய்ச்சிக்கு ஒதுக்குவது எவ்வளவு குறைவு என்று கேள்வி கேட்டார். ஆஸ்திரேலியாவின் கிறிஸ்டீன் பிரைடன், டிமென்ஷியா என்று தெரிந்தபின் பேசவும் எழுதவும் தொடங்கி, 2003-இல் சர்வதேச அல்சைமர் கூட்டமைப்பின் நிர்வாகக் குழுவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2014 முதல் டிமென்ஷியா உள்ளவர்களே நடத்தும் உலக அமைப்பு ஒன்றும் இருக்கிறது.

சில யோசனைகள். உங்களுக்குத் தெளிவாக இருக்கும் வேளையைக் கேட்டு வாங்குங்கள். பெரிய எழுத்தில், பக்கத்துக்கு நாலு வரியாக எழுதி வைத்துப் படியுங்கள். மனப்பாடம் வேண்டாம். கேள்வி நேரத்தில் பக்கத்தில் நம்பிக்கையான ஒருவர் இருக்கட்டும். "இதற்கு நான் பதில் சொல்ல விரும்பவில்லை" என்ற வரியையும் ஓர் அட்டையில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

மேடையோடு நிற்காதீர்கள். பிரிட்டனின் அல்சைமர்ஸ் சொசைட்டியில், எந்த ஆய்வுக்குப் பணம் தருவது என்று தேர்வு செய்வதில் டிமென்ஷியா உள்ளவர்களும் பராமரிப்பாளர்களும் விண்ணப்பங்களைப் படித்துக் கருத்துச் சொல்கிறார்கள். உங்களை மேடைக்கு அழைக்கும் அமைப்பிடம், அந்த மேஜையிலும் ஓர் இடம் உண்டா என்று கேளுங்கள்.

எங்கள் குழுவில் வருடாந்தரக் கணக்கு வாசிக்கும் கூட்டம் வருகிறது. நான் வாசித்து முடித்ததும் நீங்கள் பேசுங்கள், முடிந்தால் என் கணக்கில் நாலு கேள்வியும் கேளுங்கள். காலை நேரம் சரிப்படுமா, கூட யார் வருவார் என்று பத்திரிகை வழியாக எனக்கு எழுதிவிடுங்கள்.